கோத்தகிரி மேட்டில் நீங்கள் பார்த்த கற்கள்

கோத்தகிரிக்கு அருகே குடிவந்து ஓராண்டு ஆகிறது என்றும், தினமும் காலையில் நாயைக் கூட்டிக்கொண்டு தேயிலைத் தோட்டத்துக்கு மேலேயுள்ள புல்மேட்டில் நடப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். சென்ற வாரம் மூடுபனி விலகியபோது மேட்டின் உச்சியில் ஒரு கல்வட்டம் தெரிந்திருக்கிறது. அதற்குச் சற்றுக் கீழே, மூன்று பலகைக் கற்களை நிறுத்தி மேலே ஒரு கல்லால் மூடிய சிறிய அறை. உள்ளே கூழாங்கற்கள். ஒரு பலகையில் மனித உருவம் ஒன்றும், அதன் காலடியில் நாயா புலியா என்று சொல்ல முடியாத விலங்கு ஒன்றும் மங்கலாகத் தெரிகின்றன. பாதையோரத்தில் ஏழெட்டுக் கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிய அடுக்கும் இருக்கிறது. இங்கிலாந்தில் வயல்வெளிப் பாதைகளில் சிற்பங்களை வைத்திருப்பதுபோல இதுவும் ஒரு கலைஞரின் வேலையா, பழங்காலத்துச் சின்னமா, இடத்தைக் குறிப்பிட்டுப் படம் போடலாமா, நாயை அங்கே கூட்டிப்போகலாமா என்று கேட்கிறீர்கள்.

நீங்கள் பார்த்தவை ஒரே பொருள் அல்ல. வேறு வேறு காலத்தில், வேறு வேறு மனிதர்கள், வேறு வேறு காரணத்துக்காகச் செய்தவை. முப்பது ஆண்டுகளாக இந்த மேடுகளில் நாயோடு நடந்து வருகிறேன். பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்தவள் என்பதால் கல் எதைக் கண்டாலும் நின்றுவிடுவது வழக்கம்.

முதலில் அந்தக் கல் அடுக்கு. அது போன மாதம் யாரோ சுற்றுலா வந்தவர்கள் செய்தது. அடுத்த முறை குனிந்து பாருங்கள். பல ஆண்டுகள் அசையாமல் கிடந்த கல்லின் மேல்முகத்தில் சாம்பலும் பச்சையும் ஆரஞ்சுமாகக் கற்பாசி படர்ந்திருக்கும். அது மிக மெதுவாக வளர்வது; உள்ளங்கை அகலம் பரவவே பல பத்தாண்டுகள் ஆகும். புதிதாக எடுத்து அடுக்கிய கல்லில் பாசி படர்ந்த முகம் பக்கவாட்டிலோ அடியிலோ போயிருக்கும்; மண்ணில் புதைந்திருந்த வெளிறிய பகுதி மேலே வந்திருக்கும். பழைய கட்டுமானத்தில் இரண்டு கற்கள் சேரும் இடத்தைத் தாண்டியும் பாசி ஒரே படலமாகப் படர்ந்திருக்கும். அந்தப் படலம் அறுந்திருக்கிறதா என்று பார்த்தாலே யாராவது கைவைத்தார்களா என்பது தெரிந்துவிடும்.

இந்த அடுக்குகளை நான் விரும்புவதில்லை. நீலகிரிப் புல்வெளியில் கல்லுக்கு அடியில் ஓர் உலகமே இருக்கிறது. வால்முனை மழுங்கிய, மண்ணுக்குள்ளேயே வாழும் நஞ்சில்லாத சிறு பாம்புகள், அரணைகள், தவளைகள் எல்லாம் கல்லின் ஈரத்தை நம்பி வாழ்கின்றன. கல்லைத் தூக்கினால் அவற்றின் கூரை போய்விடும். பழைய கல்வட்டத்திலிருந்தே கற்களை உருவி அடுக்கியதையும் இருமுறை பார்த்திருக்கிறேன்.

இனி உச்சியிலிருக்கும் வட்டம். இந்த மலையில் கல்வட்டம் என்றால் மூன்று நான்கு பொருளுண்டு. வட்டச் சுவரில் ஆள் நுழையும் அகலத்துக்கு ஒரு வாய் விட்டிருந்தால் அது பெரும்பாலும் தோடர்களின் எருமைத் தொழுவம். சுண்ணாம்பு, சாந்து எதுவுமில்லாமல் கல்லின் மேல் கல் பொருத்திக் கட்டியது; மந்து, அதாவது தோடர் குடியிருப்பு, இடம் மாறிய பிறகும் சுவர் மட்டும் நிற்கும். வெறும் குவியலாக, அருகே எண் பொறித்த கல்லோடு இருந்தால் வனத்துறையின் எல்லைக் குறி. நீங்கள் சொல்வது இரண்டுமல்ல. வாயில் இல்லாத, இடுப்பளவு உயரத்தில் கிணற்றுச் சுவர்போல நிற்கும், நடுவே பள்ளமான வட்டம். அது ஈமச்சின்னம், இறந்தவர்களுக்காக எழுப்பியது. நீலகிரியின் உச்சிகளிலும் முகடுகளிலும் இப்படிப் பல இருக்கின்றன.

நடுவிலிருக்கும் பள்ளத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பார்ப்பவர்கள் அதுவும் அமைப்பின் பகுதி என்றே நினைக்கிறார்கள். பல இடங்களில் அது கட்டியவர்கள் விட்ட பள்ளமே அல்ல. பின்னால் தோண்டியவர்கள் விட்டுப்போன குழி. 19ஆம் நூற்றாண்டில் இங்கே வந்த வெள்ளைக்கார அதிகாரிகள் பலர் இவற்றைத் தோண்டினார்கள். அவர்களில் ஓரளவு ஒழுங்காகக் குறிப்பெடுத்துத் தோண்டியவர் நீலகிரியின் முதல் கமிஷனர் ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ். 1872இல் அவர் இறந்தார். ஊட்டியிலுள்ள பிரீக்ஸ் பள்ளி அவர் நினைவாக எழுந்ததுதான். குழிகளிலிருந்து வெண்கலக் கிண்ணங்களும் இரும்பு ஆயுதங்களும் பொன்நகைகளும் கிடைத்தன. எனக்கு எல்லாவற்றிலும் பெரிதாகப் படுவது சுடுமண் பானைகளின் மூடிகள். ஒவ்வொரு மூடியின் உச்சியிலும் ஓர் உருவம்: வளைந்த கொம்போடு எருமை, மயில், யானை, குதிரைமேல் ஆள். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஒரு பகுதியும் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஒரு பகுதியும் இருக்கின்றன. சென்னைக்குப் போகும்போது கட்டாயம் பாருங்கள். கையால் உருட்டிக் கிள்ளிச் செய்த அந்த எருமைகள், இன்றைக்கும் இங்கே புல்மேட்டில் மேயும் எருமைகளின் அதே கழுத்து வளைவோடு நிற்கின்றன.

அதனால்தான் "இது சிற்பமா, சின்னமா" என்ற உங்கள் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்கலாம் என்று தோன்றுகிறது. நீங்கள் ஒப்பிட்ட இங்கிலாந்துச் சிற்பங்களையே எடுத்துக்கொள்வோம். யார்க்‌ஷயரில் 1977இல் ஒரு திறந்தவெளிச் சிற்பப் பூங்கா தொடங்கினார்கள். ஹென்றி மூரின் பெரிய வெண்கல உருவங்கள் அங்கே ஆடு மேயும் புல்வெளியில் நிற்கின்றன. ஆடுகள் அவற்றில் முதுகு தேய்த்துக்கொள்ளும். அதே 1977இல்தான் வடக்கே கிரைஸ்டேல் காட்டிலும் கலைஞர்களை வரவழைத்து, அங்கேயே கிடைக்கும் மரத்தையும் கல்லையும் கொண்டு செய்யச் சொன்னார்கள். அதற்குப் பத்தாண்டு முன்னால், 1967இல், ரிச்சர்ட் லாங் என்ற இளைஞர் ஒரு புல்வெளியில் ஒரே கோட்டில் போவதும் வருவதுமாக நடந்தார். புல் மடங்கி ஒரு கோடு விழுந்தது. அதைப் படமெடுத்து, இதுதான் என் சிற்பம் என்றார். ஒரு பொருளைச் செய்வது பாதி வேலை, அதை எங்கே வைப்பது என்பது மறுபாதி என்று கலை உலகம் அப்போது பேசத் தொடங்கியது.

நம் ஊரில் அது வெகுகாலமாகத் தெரிந்த சங்கதி. போரில் விழுந்தவனுக்குக் கல் நடுவதைப் பழந்தமிழ் இலக்கணம் ஆறு படிகளாகச் சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து. முதல் படி செதுக்குவது அல்ல, காண்பது. மலையில் சுற்றித் திரிந்து தகுந்த கல்லைக் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு அதை எடுத்துவந்து, நீராட்டி, குறித்த இடத்தில் நட வேண்டும். உங்கள் மேட்டின் வட்டத்தையும் அந்தக் கண்ணோடு பாருங்கள். அதைக் கட்டியவர்கள் தண்ணீருக்கு அருகே, காற்றுப்படாத சரிவில், வசதியாகக் கட்டியிருக்கலாம். ஒவ்வொரு கல்லையும் உச்சிக்கு ஏற்றியிருக்கிறார்கள். வட்டத்தின் ஓரத்தில் நின்று சுற்றிலும் திரும்பிப் பார்த்தீர்களானால் காரணம் தெரியும். தென்கிழக்கே மேட்டுப்பாளையம் சமவெளி, மறுபுறம் அடுக்கடுக்காக முகடுகள். ஒரு நாள் மூடுபனி இல்லாத விடியலில் அங்கே பத்து நிமிடம் உட்காருங்கள்.

கீழேயுள்ள மூன்று பலகை அறைக்குக் கல்திட்டை என்று பெயர். பழனி மலையிலும் தாண்டிக்குடி, பேத்துப்பாறைப் பக்கங்களில் இவை நிறைய; செண்பகனூர்ச் சேசுசபைப் பாதிரியார்கள் அவற்றை அளந்து வரைந்து 1928இல் வெளியிட்டார்கள். நீலகிரிக் கல்திட்டைகளுக்குத் தனிச் சிறப்பு உண்டு. இங்கே சிலவற்றின் பலகைகளில் உருவங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். மேலூர், சோலூர்ப் பக்கங்களில் இருப்பவற்றைப் பற்றி 19ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார்கள் என்பதால் அந்தப் பெயர்களைச் சொல்கிறேன். உங்களுடையது எங்கே என்பதை இங்கே எழுத மாட்டேன்.

உள்ளே கூழாங்கற்கள் குவிந்திருப்பதைச் சாதாரணமாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது அதுதான்.

பல ஆண்டுகளுக்கு முன் நடந்தது. அப்போது என்னோடு செவலை என்ற நாட்டு நாய் இருந்தது. ஒரு சரிவில் கல்திட்டையைக் கண்டு நான் பலகையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். செவலை உள்ளே தலையை விட்டு ஒரு கல்லைக் கவ்விக்கொண்டு வெளியே வந்தது. விறகுக் கட்டோடு மேலேறி வந்த குறும்பர் பழங்குடிப் பாட்டி ஒருவர் கட்டை இறக்கிவைத்துவிட்டு, "டீச்சர், அதை நாயிடமிருந்து வாங்குங்கள். அது எங்கள் பெரியவர்" என்றார். குரலில் கோபமில்லை. பேரனைத் தூக்கத் தெரியாமல் தூக்கியவரிடம் சொல்வதுபோலத்தான் சொன்னார். நான் செவலையின் வாயைத் திறந்து கல்லை எடுத்து முந்தானையால் துடைத்தேன். விரல் நீளத்தில், இரு முனையும் உருண்ட கல். ஆற்றில் நெடுங்காலம் உருண்டால்தான் அந்த வழவழப்பு வரும். ஆறோ கண்ணுக்கெட்டாத ஆழத்தில் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அத்தனை தூரம் கீழிறங்கி, தேடி எடுத்து, ஏறி வந்திருக்கிறார்கள். இரண்டு கையாலும் உள்ளே வைத்தேன். பாட்டி குனிந்து, அதைச் சற்றே நகர்த்தி, பக்கத்திலிருந்த கல்லோடு சேர்த்து வைத்தார். பிறகு விறகைத் தலையில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து பழைய நூல்களைப் புரட்டியபோது அதே வழக்கம் 19ஆம் நூற்றாண்டுக் குறிப்புகளில் இருந்தது. ஆலு குறும்பர்கள் ஒருவர் இறந்தால் நீளவாட்டமான ஆற்றுக்கல் ஒன்றைக் கொண்டுவந்து பழைய கல்திட்டைக்குள் வைப்பார்கள். சில திட்டைகள் கூரைக்கல் வரை நிறைந்திருந்தன. பழைய திட்டை கிடைக்காதபோது தாங்களே சிறியதாக ஒன்று கட்டி அதைச் சாவுமனை என்றார்கள். அந்தக் கல்லுக்கு தெவ்வ கொட்ட கல்லு என்று பெயர். ஆக, திட்டையைக் கட்டியவர்கள் ஒரு காலத்தவர், உருவம் செதுக்கியவர்கள் ஒரு காலத்தவராக இருக்கலாம், கல் கொண்டுவந்து வைப்பவர்கள் இன்னும் நம் நடுவே இருப்பவர்கள். ஒரு கூழாங்கல் ஓர் ஆள். ஆகையால் அந்த இடத்தைப் "பழங்காலச் சின்னம்" என்று சொல்லி முடித்துவிட எனக்கு மனம் வருவதில்லை.

தோடர் மந்துகளுக்கும் இதே கவனம் வேண்டும். ஊட்டிக்கு அருகே முத்தநாடு மந்தில் கூம்பு வடிவில் வானை நோக்கி எழும் கோவிலை, சுற்றிலும் வட்டக் கற்சுவரோடு பார்க்கலாம். பிரம்பும் மூங்கிலும் புல்லும் கொண்டு கட்டியது. இந்த மலையின் எந்தக் கட்டடமும் அதற்கு ஈடாகாது என்று நினைக்கிறேன். சுவருக்கு வெளியே நின்று பார்ப்பதோடு சரி. நாயோடு அருகே போகவே கூடாது. அங்கே மேயும் எருமைகள் நாயைக் கண்டால் கூட்டமாகத் திரும்பி வரும்.

நாய்க்கு வருகிறேன். கயிறு இல்லாமல் மேட்டில் விடாதீர்கள். காட்டெருமையைக் கண்டு குரைக்கும் நாய், அது முறைத்ததும் உங்களிடம்தான் ஓடி வரும். பின்னாலேயே காட்டெருமையும் வரும். சிறுத்தைக்கு நாய் பிடித்த இரை. விடியலுக்கு முன்பும் அந்தி சாய்ந்த பிறகும் சோலையோரம் போகக் கூடாது. உங்கள் நாயிடமிருந்து செந்நாய்க் கூட்டத்துக்கு நோய் தொற்றும் என்பதையும் மறக்க வேண்டாம். வெறிநோய்க்கும் டிஸ்டெம்பருக்கும் தடுப்பூசி தவறாமல் போட்டிருக்க வேண்டும். காப்புக்காட்டுக்குள்ளும் சரணாலயத்துக்குள்ளும் நாயோடு போவது என்ற பேச்சே இல்லை. கல்திட்டைக்குப் பத்தடி முன்பே நாயை நிறுத்திக் கட்டிவிட்டு நீங்கள் மட்டும் போங்கள். நாய் கல்லைக் கண்டால் என்ன செய்யும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும்.

படம் எடுங்கள். இடத்தைப் போடாதீர்கள். பின்னணியில் அடையாளம் தெரியும் கோபுரமோ தொழிற்சாலையோ இருந்தால் அந்தப் படத்தையும் தவிருங்கள். கல்திட்டைக்குள் புதையல் இருக்கிறது என்று நம்பி இரவில் கடப்பாரையோடு வருபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பலகை ஒருமுறை சாய்ந்தால் திரும்ப நிற்காது. மண்ணிலிருந்து ஏதாவது பொருள் வெளியே தெரிந்தால், பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டமே சொல்கிறது. திட்டையைப் பற்றியும் ஆட்சியர் அலுவலகம் வழியாகத் தொல்லியல் துறைக்கு எழுதுங்கள். அதற்கு முன் பக்கத்து ஹட்டியிலும் (படகர் ஊர்) குறும்பர் குடியிருப்பிலும் பெரியவர்களிடம் கேளுங்கள். பெரும்பாலும் அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கும்; சொல்லலாமா என்பதையும் அவர்களே சொல்வார்கள்.

இந்த மலையில் இன்று செய்யும் வெளியிடச் சிற்பத்தைப் பார்க்க ஆசை என்றால் கூடலூர்ப் பக்கம் விசாரியுங்கள். காட்டை மூடி வளரும் உன்னிச்செடியை வெட்டி, தண்டுகளை வேகவைத்து, பட்டை உரித்து, இரும்புக் கம்பிச் சட்டத்தின் மேல் வளைத்துக் கட்டி, ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் யானைகளைச் செய்கிறார்கள். செய்பவர்கள் பணியர், பெட்டக் குறும்பர், காட்டுநாயக்கர், சோளகர் சமூகத்துக் கைவினைஞர்கள். ஒவ்வொன்றும் அந்தப் பகுதியில் உண்மையாக உலவும் ஒரு யானையைப் பார்த்துச் செய்தது. அதன் நெற்றி மேடும் காது மடிப்பும் அப்படியே இருக்கும். 2021 கோடையில் லண்டன் பூங்காக்களில் அந்தக் கூட்டம் நின்றது. 2024இல் நூறு யானைகள் அமெரிக்காவில் ஊர் ஊராகப் போயின. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்ட அழகுக்கென்று வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த செடி, யானையின் மேய்ச்சலைத் தின்றுவிட்டு, யானை உருவில் அவர்கள் ஊருக்கே போனதைப் படத்தில் பார்த்தபோது நான் வெகுநேரம் பேசாமல் இருந்தேன்.

கடைசியாக, அந்த விலங்கு நாயா புலியா என்ற கேள்வி. நீங்கள் அனுப்பிய படம் நண்பகலில் எடுத்தது; அதில் தெரியாது. இந்த மலையின் பாறை சார்னகைட் என்ற மிகக் கடினமான கல். உளி ஆழமாக இறங்காது. உருவங்கள் அரைவிரல் கனம்கூட எழும்பியிருக்காது. தலைக்கு மேல் வெயில் இருந்தால் பலகை வெறும் பலகையாகத்தான் தெரியும். காலை ஏழு மணி வெயில் பக்கவாட்டில் விழும்போது போங்கள், அல்லது அந்தி சாய்வதற்கு முன் கைவிளக்கைப் பலகையோடு ஒட்டிச் சாய்த்துப் பிடியுங்கள். சுண்ணக்கட்டியால் கோடு வரைய வேண்டாம், எண்ணெயும் மஞ்சளும் தடவ வேண்டாம். நிழல் விழுந்ததும் உருவம் தானே எழுந்து நிற்கும்.

புலியானால் வீரனை நோக்கிப் பின்னங்காலில் எழுந்து நிற்கும். வால் முதுகுக்கு மேல் சுருண்டிருக்கும். வீரனின் கத்தி அதன் வாயிலோ மார்பிலோ இறங்கியிருக்கும். அதைப் புலிகுத்திக் கல் என்பார்கள். நாயானால் சிறியதாக, வீரனின் காலருகே, பெரும்பாலும் அவன் பார்க்கும் திசையையே பார்த்துக்கொண்டு நிற்கும். தமிழ்நாட்டில் நாய்க்கும் கல்லில் இடம் உண்டு. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் 7ஆம் நூற்றாண்டு நடுகல் ஒன்று இருக்கிறது. மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு. எருமை மந்தையைக் காக்கப் போய் இறந்த கருந்தேவகத்தி என்பவனுக்கு எடுத்த கல். அவனுக்குப் பின்னால் அவனுடைய நாய் நிற்கிறது. அதற்குக் கோவிவன் என்று பெயர் என்றும், இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்றும் கல்லிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

உங்கள் பலகையில் விலங்கின் வாலையும், அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதையும் முதலில் பாருங்கள். காலை வெயிலில் எடுத்த படம் கிடைத்தால் எனக்கு அனுப்புங்கள்.